ஒரே விலாசம், இரண்டு அட்டை

2011 ஜூன் 20, திங்கட்கிழமை. காலை 5.30க்கு எழுந்தேன். வெளியே வெப்பம் ஏழு பாகை. முகம் வழித்து, தேநீர் வைத்து, முதல்நாள் குறிப்பில் விடுபட்டிருந்த ஒரு வரியை எழுதி முடித்தேன். திங்கள் எனக்கும் மனைவி சுகந்திக்கும் ஓய்வு நாள். இருவரும் சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரே ஹோட்டலில் வேலை செய்தோம். நான் களஞ்சியப் பொறுப்பாளன், அவள் அறைகளின் மேற்பார்வை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. திங்கள் காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை, நிலவறையில் உள்ள பொதுச் சலவை அறை எங்களுடைய முறை. 6.45க்கு வெள்ளைத் துணி வேறு, நிறத்துணி வேறு என்று பிரித்து இரண்டு கூடைகளில் வைத்தேன்.

7.50க்குக் கதவு தட்டப்பட்டது. மேல்மாடி அக்கா. எங்களுக்கு மேலே மூன்றாம் மாடியில் தனியாக இருந்தவர். பாடசாலையிலும் ஒரு வங்கியிலும் துப்புரவு வேலை, திங்கள் அவருக்கும் ஓய்வு. அன்றைக்கு அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, எனக்கு நாற்பத்தாறு.

"தம்பி, வெளியிலை பாத்தனீரோ? ஒரு முகில் இல்லை."

"ஓம் அக்கா. இண்டைக்கு எங்கட உடுப்புத் தோய்க்கிற முறை. மாத்தவேணுமோ?"

"உம்மட முறை எனக்கு வேண்டாம். உம்மட மனுசியைத்தான் வேணும். நாலு மணிக்குத் திருப்பித் தருவன்."

குசினிக்குள் நின்ற சுகந்தி சத்தமாகச் சிரித்தாள். ஐந்து நிமிடத்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் தனியாக இரண்டு கூடைத் துணியையும் தோய்த்துக் காயப்போட்டேன். அக்கா அவளைத் திருப்பித் தந்தது 4.15க்கு. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அக்காவை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் அவருடைய கழுத்திலிருந்து தொடங்க வேண்டும். தாலிக்கொடி இருக்கிற இடத்தில் அவருக்கு ஒரு நீல நாடா தொங்கியது. நாடாவின் நுனியில் கேபிள்காருக்கான ஆண்டு அட்டை. படத்தில் அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குத் தனியாகக் காசு கேட்பார்களோ என்று பயந்ததாகச் சொல்வார். வேலைக்கும் அதோடுதான் போவார். கலியாண வீட்டுக்குப் பட்டுச்சேலை உடுத்தி வந்தபோதும் பதக்கச் சங்கிலிக்குப் பக்கத்தில் அந்த நாடா இருந்தது.

அந்த அட்டையை அவர் வாங்கியது கோபத்தில். கனடாவிலிருந்து வந்த தம்பியாரை மலை பார்க்கக் கூட்டிப்போய், இரண்டு பேருக்கு ஒருநாள் சீட்டு எடுத்திருக்கிறார். விலையைப் பார்த்ததும் மேலே போய் நின்று மலையைப் பார்க்க மனம் வரவில்லையாம், விலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாராம். கீழே இறங்கியதும் நேரே சீட்டுக் கருமபீடத்துக்குப் போய்ச் சண்டை பிடிக்க, அங்கிருந்த பெண் அமைதியாக ஒரு தாளை நீட்டியிருக்கிறாள். பள்ளத்தாக்கில் வசிப்பவர்களுக்கு ஆண்டு அட்டை. கேபிள்கார், நாற்காலி ஏற்றி, உள்ளூர் பஸ் எல்லாம் அதில் அடக்கம்.

"ஏழு தரம் ஏறினால் குடுத்த காசு வந்திடும்," என்பார் அக்கா. "எட்டாந் தரத்திலையிருந்து அவங்கள் எனக்குச் சம்பளம் தாறாங்கள்."

இந்தச் சம்பளத்தை அவர் ஒருநாளும் விட்டதில்லை. பாடசாலையைக் கூட்டி முடித்து வங்கியைத் துடைக்கத் தொடங்குவதற்கு இடையில் அவருக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. மற்றவர்கள் அந்த நேரத்தில் காலை நீட்டிப் படுப்பார்கள். அக்கா வேலை அங்கியின் மேல் குளிர் உடுப்பை மாட்டிக்கொண்டு மேலே போய், மேல் நிலையத்தின் பின்சுவரில் சாய்ந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டு, போத்தல் தேநீரைக் குடித்துவிட்டு இறங்குவார். பக்கத்தில் தேசங்கள் கடந்து வந்த உல்லாசப் பயணிகள் சூப்புக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கேபிள்கார் ஆட்கள் அவரைக் கண்டால் அட்டையைப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி "அலேக்ரா" என்று வணக்கம் சொல்வார்கள். அவரும் "அலேக்ரா" என்பார். நாளடைவில் தமிழ் ஆட்களைக் கண்டாலும் அவருக்கு அதுதான் வாயில் வந்தது.

மழை நாளிலும் போனார். "மழைக்கும் சேத்துத்தானே தம்பி காசு குடுத்தது." பனிப்புகார் மூடி ஒன்றும் தெரியாத நாளில் மேலே நின்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "புகாரைப் பாத்தன். கிட்டவா இருந்து பாத்தன். நீர் கீழையிருந்து அடிப்பக்கத்தை மட்டும்தானே பாக்கிறீர்."

அவர் ஏமாந்து நின்றதை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கம் தேசியப் பூங்கா இருக்கிறது. இரயிலில் போய், பஸ் ஏறி, வாசலைத் தேடியிருக்கிறார். வாசல் இல்லை. கருமபீடம் இல்லை. நாடாவைக் கையில் பிடித்தபடி காவலரிடம் எங்கே காட்டவேண்டும் என்று கேட்க, யாரும் எதுவும் காட்டத் தேவையில்லை, எல்லோருக்கும் இலவசம் என்று சொல்லிவிட்டார். அக்கா திரும்பிவந்து எங்கள் கதவடியில் நின்று முறையிட்டார். "எல்லாரையும் சும்மா விட்டால், பிறகு அதிலை எனக்கென்ன லாபம்?" சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பூங்காவுக்கு அக்கா பிறகு போகவே இல்லை.

இதெல்லாம் நல்ல கதைகள். மற்றவர்களுக்குச் சொல்லும்போது நானும் சிரிக்கிறேன். ஆனால் என் 2011, 2012 குறிப்புப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தால் அங்கே சிரிப்பு இல்லை. நேரங்கள்தான் இருக்கின்றன. "சுகந்தி 8.10 போனாள், 16.40 வந்தாள்." "7.55 – 17.05." "8.00 – 16.50, முகம் சிவந்திருந்தது."

எனக்கும் அழைப்பு வந்தது. அதை மறைக்கக் கூடாது. முதல் கோடையில் அக்கா ஒருநாள், "தம்பியும் வாருமன், துணைக்கு வாறவைக்கு என்ர அட்டையோடை பத்துச் சீட்டுக் குறைஞ்ச விலையிலை தருவாங்கள்," என்றார். நான் யன்னலைக் காட்டினேன். "அக்கா, இதாலை பாத்தாலும் அதே மலைதான்." பதினான்கு வருடமாக அந்த மலைக்குக் கீழே இருந்தோம். ஒருநாளும் ஏறியதில்லை. ஏறலாமா என்று சுகந்தி கேட்டபோதெல்லாம் நான் சீட்டு விலையைச் சொல்லியிருக்கிறேன். அவளும் கேட்பதை நிறுத்தியிருந்தாள். அவளுக்கு விருப்பம் போய்விட்டது என்று நான் எழுதி வைத்திருந்தேன்.

பின்னேரம் அவர்கள் திரும்பி வரும்போது படிக்கட்டில் கேட்கும். இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு ஏறுவார்கள். நான் கதவுக்கு உள்ளே நடையில் நின்று கேட்பேன். எங்கள் தளத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். சாவி மெதுவாகத் திரும்பும். உள்ளே வருவது வேறு ஒரு சுகந்தி. "தேத்தண்ணி குடிச்சியளோ?" என்பாள், அவ்வளவுதான். மேலே என்ன கண்டாய் என்று கேட்டால், "அணில் மாதிரிப் பெரிசா ஒண்டு, விசிலடிக்கும்," என்பாள். ஒருநாள் குசினிக்குள் அவளே அப்படி விசிலடித்துக்கொண்டு வெங்காயம் வெட்டினாள். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டாள்.

அதைவிடவும் ஒன்று என்னைக் குத்தியது. ஒக்டோபரில் சலவை அறை முறையை மாற்றக் கேட்டு அக்கா வந்திருந்தார். கதையோடு கதையாகச் சொன்னார்: "இப்ப சுகந்தி நடுவழியிலை கண்ணைத் திறக்கிறா. முந்தி மேலை போய்ச் சேருமட்டும் என்ர கையை விடமாட்டா."

"ஏன்?"

"உயரம் எண்டால் அவவுக்குப் பயமெல்லோ. உமக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருடம். அவளுடைய இரத்த வகை தெரியும், சப்பாத்து அளவு தெரியும், அவளுடைய வதிவிட அனுமதி முடியும் திகதி தெரியும். இது தெரியாது. "தெரியும் தெரியும்," என்று அக்காவிடம் சொன்னேன்.

அந்தப் பனிக்காலத்தில் அட்டை சறுக்குவண்டிப் பாதைக்கும் செல்லும் என்று அக்கா கண்டுபிடித்தார். பழைய சாமான் கடையில் ஒரு மரச் சறுக்குவண்டி வாங்கினார். சுகந்தியிடம் துணைச் சீட்டில் இரண்டு மிச்சம் இருந்தது. ஹோட்டலின் பொருள் இறக்கும் வாசல் அந்தப் பாதை முடியும் இடத்துக்கு எதிரே இருந்தது. அன்று சுகந்திக்கு அரைநாள் விடுப்பு, எனக்கு உருளைக்கிழங்கு வந்திருந்தது. நான் மூட்டைகளை எண்ணிக்கொண்டு நிற்க, மேலேயிருந்து ஒரு அலறல். ஒரே வண்டியில் இரண்டு பெண்கள். முன்னால் சுகந்தி, வாய் திறந்தபடி, தொப்பி பறந்து தலைமயிர் அவிழ்ந்து. பின்னால் அக்கா, அவளுடைய இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி. வண்டி பனிக்குவியலில் மோதிக் கவிழ்ந்தது. இருவரும் எழும்பவில்லை. கிடந்தபடி சிரித்தார்கள்.

லொறிச் சாரதி கேட்டான், "உனக்குத் தெரிந்தவர்களா?"

"என் கட்டடத்தில் குடியிருப்பவர்கள்," என்றேன். பத்து மூட்டை வந்திருக்க, பன்னிரண்டு என்று கையெழுத்து வைத்தேன். களஞ்சியத்தில் நான் விட்ட முதல் பிழை அது.

2012 ஜூன் 4, திங்கள். தபால் பெட்டியில் கேபிள்கார் அலுவலகத்தின் கடித உறை. மேலே அக்காவின் குடும்பப்பெயர், அதற்குக் கீழே எங்களுடையது. தபால்காரர் எங்கள் பெட்டியில் போட்டிருந்தார். வீட்டுத் தபாலை நான்தான் திறப்பேன். உள்ளே இரண்டு புதிய ஆண்டு அட்டைகள். ஒன்று அக்காவுடையது. மற்றதில் சுகந்தியின் படம், சிரித்த படம். கூடவே ஒரு கடிதம். ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் துணைக்கு இரண்டாவது அட்டை பாதி விலை, அந்தச் சலுகையைத் தேர்ந்ததற்கு நன்றி, இந்த ஆண்டு நீங்கள் இருவரும் சேர்ந்து பல அழகான நாட்களைக் கழிக்க வாழ்த்துகிறோம்.

இந்த நாட்டில் விலாசத்தில் தெருவும் வீட்டு இலக்கமும்தான் எழுதுவார்கள். எத்தனையாம் மாடி, எந்தக் கதவு என்று எழுதுவதில்லை. படிவத்தில் விலாசம் ஒன்றா என்று கேட்டிருந்த இடத்தில் அக்கா ஆம் என்று புள்ளடி போட்டிருக்கிறார். பொய் இல்லை. எட்டுக் குடும்பத்துக்கும் அதுதான் விலாசம்.

சுகந்தி வந்ததும் கடிதத்தை மேசையில் வைத்தேன்.

"இது என்ன? நீர் அவவின்ர துணையோ?"

"விலாசம் ஒண்டுதானேப்பா. அக்கா சொன்னா, அரைவாசி மிச்சம் எண்டு."

"துணை எண்டால் என்னெண்டு இஞ்சத்தைய ஆக்கள் நினைப்பினம் எண்டு தெரியுமோ?"

"நினைக்கட்டும். அக்காவுக்கும் சொன்னனான். அவ சொல்லுறா, நினைக்கிறதுக்கு அவங்கள் காசு கேக்கேல்லைத்தானே எண்டு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கினாள். "நான் உங்களிட்டைக் கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பியளோ?"

நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். அவள் அட்டையை எடுத்துப் பார்த்தாள், ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தாள், கைப்பைக்குள் வைத்தாள். அன்று மாலையே ஒரு நீல நாடா வாங்கி வந்தாள்.

ஜூன் 6, புதன்கிழமை, மதிய ஓய்வு நேரத்தில் கேபிள்கார் அலுவலகத்துக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினேன். கடுமையான சொல் எதுவும் இல்லை. கீழ்க்காணும் இருவரும் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு மாடிகளில் வெவ்வேறு வீடுகளில் வசிக்கிறார்கள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கையெழுத்தில்லாத கடிதம் ஒழுங்கான வேலை அல்ல. அதனால் கையெழுத்தும் வைத்தேன். மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். பிழை இல்லை. தபாலில் போட்டேன். அட்டை பறிபோனால் சுகந்தி திங்கட்கிழமைகளில் வீட்டில் இருப்பாள் என்பதைத் தவிர நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

ஜூன் 19, செவ்வாய், பிற்பகல் 2.30. சுகந்தி வேலையில், நான் மதிய ஓய்வுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அக்கா கதவைத் தட்டினார். வேலை அங்கியோடு நின்றார். கையில் என் கடிதத்தின் பிரதி.

"உள்ளுக்கு வாங்கோ அக்கா."

"வரேல்லை. வங்கிக்குப் போகவேணும்." கடிதத்தை என்னிடம் நீட்டினார். "கருமபீடத்திலை இருக்கிற பிள்ளை காட்டினவள். நல்ல ஜெர்மன் எண்டு சொன்னவள்."

நான் வாங்காமல் நின்றேன்.

"வித்தியாசக் காசைக் கட்டினால் சரியாம். கட்டிப்போட்டன். இப்ப சுகந்தியின்ர முழு விலை அட்டை, துணை அட்டை இல்லை. அவவுக்கு நான் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன். நீரும் சொல்லாதையும். தெரிஞ்சால் அவ ஏறமாட்டா."

"அந்தக் காசை நான் தாறன் அக்கா."

"உம்மட காசோ?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு காலமும் மலையடியிலை அவவை வச்சிருந்து மிச்சம்பிடிச்ச காசோ? வைச்சிரும்."

கடிதத்தைச் சப்பாத்துத் தட்டின் மேல் வைத்துவிட்டு இறங்கிப்போனார்.

தெருவில் ஐந்து ரப்பன் சில்லறை கிடந்தால் குனிந்து எடுப்பவர் அவர். தேநீர்ப் பையை இரண்டு தரம் ஊறவிடுபவர். பஸ் அட்டையில் அடங்கும் என்பதற்காக ஒரு தரிப்பிடம் தாண்டி இறங்கி மலிவான கடைக்குப் போகிறவர். தேவைக்கு மேல் ஒரு ரப்பன் கொடுத்ததை யாரும் கண்டதில்லை. அவர் என் மனைவி மலை ஏறுவதற்காக மற்றப் பாதி விலையைத் தன் காசில் கொடுத்தார், அடுத்த ஆண்டும், அதற்கு அடுத்த ஆண்டும். சுகந்தி பாதியைக் கொடுத்து அதுதான் விலை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது மற்றது. அவளுக்காக நான் செய்யாத ஒன்றை இன்னொருவர் செய்துவிட்டார், அதுவும் சத்தமில்லாமல். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் அக்கா என்னோடு கதைத்தார். "தம்பி, வெய்யில்," என்று கதவில் தட்டினார். மாற்றம் ஒன்றுதான். என்னை வரச்சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் முழங்கால் அவரைத் தோற்கடித்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்றாம் மாடி சரிவராது என்றார்கள். பிரெஞ்சு பேசும் நொஷாட்டல் நகரில் இருந்த தங்கச்சி, தன் வீட்டுக்குப் பக்கத்தில் நிலத்தளத்தில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார். பிரெஞ்சு தெரியாதே, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்கை ஏரியிலை கப்பல் ஓடுதாம். அதுக்கும் ஆண்டு அட்டை இருக்காம். கப்பலிலை இருக்கிறதுக்கு முழங்காலும் வேண்டாம், பிரெஞ்சும் வேண்டாம்."

2014 செப்ரெம்பர் 28, ஞாயிறு, 14.02 இரயிலில் அக்கா போனார். சுகந்தி நிலையத்துக்குப் போய் வழியனுப்பினாள். நான் அக்காவின் பெட்டிகளைப் படிகளால் இறக்கிக் கொடுத்தேன், நிலையத்துக்குப் போகவில்லை. அவர்கள் கடைசியாகக் கதைக்கும் இடத்தில் நான் நிற்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

மாலை ஏழு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். சுகந்தியின் கண்கள் வீங்கியிருந்தன. இடியப்பத்தைப் பிய்த்தபடி இருந்தாள், சாப்பிடவில்லை. எனக்கு முதலில் தோன்றியது, இனித் திங்கட்கிழமைகளில் இவள் வீட்டில் இருப்பாள் என்பதுதான். அப்படித் தோன்றியதும் அந்த எண்ணத்தோடு அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கடிதத்தைச் சொன்னேன். அக்கா காசு கட்டியதைச் சொன்னேன். திகதிகளோடு சொன்னேன்.

அவள் பிய்த்த இடியப்பத்தைத் தட்டில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "ஏன்?"

"நீங்கள் ரெண்டு பேரும் படியிலை சிரிச்சுக்கொண்டு வருவியள். எங்கட கதவடிக்கு வந்தவுடனை நிப்பாட்டிப்போடுவீர். உள்ளுக்கு வந்தால் என்னோடை ஒண்டும் கதைக்கமாட்டீர்."

சுகந்தி என்னை விளங்காதவள்போலப் பார்த்தாள்.

"ஓய்வு நாளிலை நீங்கள் பின்னேரம் நித்திரை கொள்ளுறனீங்கள் எண்டு நினைச்சு. அக்காதான் வாயிலை விரலை வைப்பா. 'மெல்ல வா பிள்ளை, தம்பி படுத்திருப்பார், கிழமை முழுக்க மூட்டை தூக்கிற மனுசன்' எண்டு." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்கள் முழிப்போ? கதவுக்குப் பின்னாலை நிண்டனீங்களோ?"

"ஓம்."

"மூண்டு வருசமாவோ?"

"ஓம்."

அவள் தட்டைக் கழுவினாள். என் தட்டையும் எடுத்துக் கழுவினாள். குறிப்புப் புத்தகத்தில் திகதியை மட்டும் எழுதினேன்.

செப்ரெம்பர் 29, திங்கள். 5.30க்கு எழுந்தேன். வெப்பமானியைப் பார்க்கவில்லை, முகம் வழிக்கவில்லை. முதல் வேலையாக நடையில் இருந்த தொலைபேசியை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்தினேன். மன்னிப்புக் கேட்பதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று இரவே யோசித்து வைத்திருந்தேன். அவருடைய இணைப்பு வேறு அழைப்பில் இருந்தது. குசினிக்குள் சுகந்தி கைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அக்கா, எல்லாம் சொன்னவர்... இல்லை, அழேல்லை... கப்பல் எத்தினை மணிக்கு வெளிக்கிடும்? அப்ப வாற திங்கள் விடியக்காலமை முதல் ரெயினிலை வாறன்..."

நான் தொலைபேசியை வைத்துவிட்டு நடையில் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன். 6.10க்கு அவள் கதைத்து முடித்தாள். 6.11க்கு எண்ணை மறுபடி அழுத்தினேன்.